படிவத்தில் ஏறிய உறவுகள்: அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதியும் கடல் கடந்த குடும்பமும்

சில வருடங்களுக்கு முன் ஒருநாள் இஷாத் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்த நேரம், அமெரிக்காவிலிருந்து ராத்தாவின் மகன் அழைத்தான். சுகம் விசாரித்த பிறகு, "மாமா, ஒங்கட முழுப்பேரு, பொறந்த திகதி, பொறந்த ஊரு, இப்ப இருக்கிற விலாசம் எல்லாத்தையும் சரியா எழுதி அனுப்புங்க. உம்மாட பொறப்புப் பத்திரத்தில உள்ள பேரும் அடையாள அட்டையில உள்ள பேரும் ஒன்டா என்டும் பாத்துச் சொல்லுங்க" என்றான். மருமகன் அந்த நாட்டுப் பிரஜை, பொறியியலாளர். அவன் வேலை பார்க்கும் கம்பனி அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு ஒப்பந்த வேலை செய்வது. அதில் ஒரு படி மேலே போவதென்றால் 'பாதுகாப்பு அனுமதி' எடுக்க வேண்டும், அதற்கான படிவத்தில் வெளிநாட்டில் உள்ள சொந்தங்களை எழுத வேண்டும் என்று விளக்கினான்.

ராத்தாவுக்குப் பிறந்த திகதி இரண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாப்பா சொன்னது ஒன்று. பிற்பாடு எடுத்த பிறப்புப் பத்திரத்தில் இருப்பது இன்னொன்று. நமது ஊர்களில் அந்தத் தலைமுறையாருக்கு இது புதினமான விஷயமில்லை. "நாங்க என்ன களவா எடுத்த? எங்கட பேரெல்லாம் அவங்களுக்கு என்னத்துக்கு?" என்று ராத்தா கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. கேட்ட விபரங்களை எழுதி அனுப்பினோம்.

அதன் பிறகுதான் விஷயம் மாறியது. கிழமைக்கு ஒருதரம் உம்மாவுடன் பேசுகிறவன் மாதத்துக்கு ஒருதரம் பேசினான். பிறகு பெருநாளைக்கு மட்டும் என்றாகியது. சம்பளம் கூடியதும் பிள்ளை மாறிவிட்டான் என்று குடும்பத்தில் பேச்சு வந்தது. அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருவன். அடுத்த வருடம் ஒரு கலியாணத்துக்கு அவன் ஊருக்கு வந்தபோதுதான் காரணத்தைச் சொன்னான். வெளிநாட்டுத் தொடர்பு குறைந்திருந்தால் அனுமதி இலகுவாகக் கிடைக்கும் என்று கூட வேலை செய்கிற ஒருவர் சொல்லியிருக்கிறார். 'அவ்வளவு பேசுவதில்லை' என்று விசாரணையில் உண்மையாகவே சொல்ல வேண்டும் என்பதற்காகப் பெற்ற உம்மாவுடன் பேசுவதைக் குறைத்திருக்கிறான்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. ஸிலத்துர் றஹ்ம், அதாவது இனபந்துக்களைச் சேர்ந்து நடத்தல், நமது மார்க்கத்தில் எவ்வளவு பெரிய கடமை என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்தக் கடமையை ஓர் அரசாங்கப் படிவம் ஆபத்துக் கணக்கில் எழுதுகிறதா என்று அறிய வேண்டியிருந்தது. அதன் பின் தேடி வாசித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

படிவம் கேட்பது என்ன?

படிவத்தின் பெயர் எஸ்.எப். 86. நூறு பக்கங்களுக்கு மேல் வரும். அமெரிக்காவில் பாதுகாப்பு அனுமதிக்குத் தகுதி பெற்றிருப்போர் சுமார் 40 இலட்சம் பேர். எல்லாரும் இந்த வழியால் வந்தவர்களே. அதன் 18ஆம் பிரிவில் உறவினர்களை எழுத வேண்டும். தாய், தகப்பன், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன், மாமனார், மாமியார் என்று பட்டியல் போகிறது. தாய்மாமனுக்கும் சாச்சாவுக்கும் பெரியம்மாவுக்கும் அதில் இடமில்லை. ஆனால் 19ஆம் பிரிவு, கடந்த ஏழு வருடங்களில் பாசத்தாலோ செல்வாக்காலோ பொது நலன்களாலோ கடப்பாட்டாலோ பிணைக்கப்பட்டு நெருங்கிய அல்லது தொடர்ச்சியான தொடர்பில் உள்ள வெளிநாட்டுப் பிரஜைகள் எல்லாரையும் கேட்கிறது. மருமகனின் படிவத்தில் நான் அந்தப் பிரிவில்தான் இருக்கிறேன். 20ஆம் பிரிவு வெளிநாட்டிலுள்ள காணி, பூமி, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு, வெளிநாட்டுப் பிரஜை எவருக்காவது பண உதவி செய்ததுண்டா என்றும் கேட்கிறது. உம்மாவின் மருந்துச் செலவுக்கு மகன் அனுப்பும் காசு அங்கே ஏறும்.

எழுதியதை எடைபோடுவதற்கு 13 வழிகாட்டு நெறிகள் உண்டு. இப்போது நடைமுறையில் உள்ளவை 2017 ஜூன் 8ஆம் திகதி அமுலுக்கு வந்தவை. அவற்றில் இரண்டாவது நெறி 'வெளிநாட்டுச் செல்வாக்கு' பற்றியது. வெளிநாட்டில் உறவினர் இருப்பது குற்றம் என்று அது சொல்லவில்லை. அந்த உறவின் வழியாக ஒருவரை மிரட்டவோ வற்புறுத்தவோ இணங்கவைக்கவோ கூடிய ஆபத்து அதிகமா என்று பார்க்கச் சொல்கிறது. உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார், அந்த நாட்டு அரசாங்கத்தில் அல்லது இராணுவத்தில் வேலை செய்கிறாரா, அந்த நாடு அமெரிக்காவுக்கு எதிராக உளவு பார்ப்பதா, அங்கே பயங்கரவாத இயக்கங்கள் உண்டா என்பவை எல்லாம் கணக்கில் வரும். ஆகவே உம்மா கனடாவில் இருந்தால் ஒரு கணக்கு. ஈரானில் இருந்தால் வேறு கணக்கு. பிள்ளையும் அதே பிள்ளை, பாசமும் அதே பாசம்.

ஆபத்தைக் குறைத்துக் காட்டும் சூழ்நிலைகளையும் அந்த நெறி வரிசைப்படுத்துகிறது. இரண்டு தரப்பில் ஒன்றைத் தெரிவுசெய்யும் நிலை வருவதற்குச் சாத்தியம் குறைவு என்பது ஒன்று. அமெரிக்காவில் விண்ணப்பதாரியின் வேர் ஆழமாக ஓடியிருக்கிறது என்பது இன்னொன்று. வெளிநாட்டவருடனான தொடர்பு சாதாரணமானது, அடிக்கடி நிகழாதது என்பது மற்றொன்று. மருமகனின் நண்பர் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசிச் சூழ்நிலையைத்தான்.

ஆனால் அவர் அரைவாசியைத்தான் அறிந்திருந்தார். ஒப்பந்தக் கம்பனி ஊழியர்களின் மேன்முறையீடுகளை விசாரிக்கும் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகம் தன் தீர்ப்புகளைப் பெயர் நீக்கி வெளியிடுகிறது. பெற்றோர், கூடப்பிறந்தோர், மணவழி உறவினர் ஆகியோர் மீது ஒருவருக்குப் பாசமும் கடப்பாடும் உண்டு என்றே முதலில் அனுமானிக்கப்படும் என்பது அத்தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த அனுமானத்தை மறுத்து நிரூபிக்கலாம். ஆனால் சுமை விண்ணப்பதாரியின் தலையில். சந்தேகம் மிஞ்சினால் அது நாட்டின் பாதுகாப்புக்குச் சாதகமாகவே தீர்க்கப்படும். அதாவது, உம்மாவுக்குக் கோல் எடுக்காமல் விட்டதனால் மகன் உம்மாவை நேசிக்கவில்லை என்று எந்த அதிகாரியும் இலேசில் நம்பப்போவதில்லை. ராத்தா அழுததுதான் மிச்சம்.

இந்த நெறி வந்த வழி

இந்த நெறியின் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. 1942 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட 9066ஆம் இலக்கக் கட்டளையின் பின் சுமார் 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த பிரஜைகள். 1943இல் முகாம்களில் ஒரு கேள்விக்கொத்து கொடுக்கப்பட்டது. ஜப்பானில் உள்ள உறவினர் யார், எத்தனை முறை அங்கே போனாய், என்ன பத்திரிகை வாசிக்கிறாய் என்று அது கேட்டது. பிள்ளைப் பருவத்தில் ஜப்பானில் படித்துத் திரும்பியவர்களே கூடுதலாகச் சந்தேகிக்கப்பட்டனர்.

அதே நேரத்தில் இராணுவத்துக்கு ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் யார் என்று பார்த்தால், ஜப்பானில் படித்துத் திரும்பிய அதே இளைஞர்கள்தான். சுமார் 6,000 பேர் இராணுவப் புலனாய்வு மொழிப் பள்ளியில் பயிற்றப்பட்டனர். அவர்களில் ஒருவர் ஹரி ஃபுகுஹாரா. 1920இல் சியாட்டிலில் பிறந்தவர். 1933இல் தகப்பன் மௌத்தானதும் தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரான ஹிரோஷிமாவுக்குப் போனார். ஹரி 1938இல் அமெரிக்காவுக்குத் திரும்பினார். போர் வந்ததும் முகாமில் அடைபட்டார். முகாமிலிருந்தே இராணுவத்தில் சேர்ந்தார். நியூகினியிலும் பிலிப்பைன்ஸிலும் மொழிபெயர்ப்பாளராகக் கடமை புரிந்தார். அந்த நேரத்தில் அவருடைய தம்பிமார் ஜப்பானிய இராணுவத்தில் இருந்தார்கள். தாயும் மூத்த சகோதரரும் அணுகுண்டு விழுந்த நாளில் ஹிரோஷிமாவில் இருந்தார்கள். போர் முடிந்து தேடிப்போனபோது தாய் உயிரோடு இருந்தார். கதிர்வீச்சுக்கு உள்ளான மூத்தவர் பின்னர் இறந்துபோனார். ஹரி அமெரிக்க இராணுவத்தில் கேர்ணல் தரம்வரை உயர்ந்து ஓய்வு பெற்றார். இன்றைய வழிகாட்டு நெறியை வைத்து அவருடைய வாழ்க்கையை எடைபோட்டால் அதைவிட ஆபத்தான விண்ணப்பம் ஒன்று இருக்க முடியாது. வரலாறு எழுதிய தீர்ப்பு வேறு.

போருக்குப் பின் எதிரி மாறினான். 1947 மார்ச்சில் ஜனாதிபதி ட்ரூமன் அரசாங்க ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கக் கட்டளையிட்டார். 1953 ஏப்ரலில் ஜனாதிபதி ஐசனோவர் பிறப்பித்த 10450ஆம் இலக்கக் கட்டளை அதை இன்னும் விரித்தது. நீ விசுவாசியா என்பதோடு கேள்வி நிற்கவில்லை; உன்மீது எவராவது நெருக்குதல் கொடுக்க முடியுமா என்பதும் சேர்ந்தது. விசுவாசமான மனிதனும் இந்த இரண்டாவது கேள்வியில் தோற்கலாம். அணுசக்தித் துறையின் விதிகளில், பகை நாட்டில் தாய், தகப்பன், கூடப்பிறந்தார், வாழ்க்கைத்துணை, பிள்ளை வசிப்பது தனியொரு காரணமாகவே எழுதப்பட்டது.

அதே 1953இல் மிலோ ரதுலோவிச்சின் விவகாரம் வந்தது. மிச்சிகனில் பல்கலைக்கழக மாணவர், விமானப்படையின் ஒதுக்குப் படையில் லெப்டினன்ட், வயது 26. அவர்மேல் தனிப்பட்ட குற்றச்சாட்டு ஒன்றுமில்லை. சேர்பியாவிலிருந்து வந்து குடியேறிய தகப்பன் தாய்நாட்டு மொழிப் பத்திரிகைகளை வாசிக்கிறார், சகோதரியின் அரசியல் சரியில்லை, இவர்களோடு நெருக்கமாக இருக்கிறார் என்பதே காரணம். விசாரணைக்குக் கொண்டுவந்த உறையில் இருந்த குற்றச்சாட்டுகளைத் திறந்து காட்டவும் இல்லை. அவர் தகப்பனையும் சகோதரியையும் தள்ளிவைக்க மறுத்தார். எட்வர்ட் மரோ என்ற ஊடகவியலாளர் 1953 ஒக்டோபர் 20ஆம் திகதி தன் தொலைக்காட்சி நிகழ்ச்சி முழுவதையும் இவருக்காக ஒதுக்கினார். ஒரு மாதம் கழித்து, நவம்பர் 24ஆம் திகதி, விமானப்படைச் செயலாளர் அந்த முடிவை இரத்துச் செய்தார். சட்டம் மாறவில்லை, நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்ததனால் ஒரு மனிதர் தப்பினார்.

பின்னர் சட்டத்திலும் ஓரளவு வழி பிறந்தது. வில்லியம் கிரீன் என்ற விமானப் பொறியியலாளரின் அனுமதி, முக்கியமாக அவருடைய முன்னாள் மனைவியின் தொடர்புகளைக் காரணம் காட்டிப் பறிக்கப்பட்டது. அவளை அவர் 1947இலேயே விவாகரத்துச் செய்திருந்தார். 1959இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. அடுத்த வருடம் பிறந்த கட்டளை, ஒப்பந்தக் கம்பனி ஊழியர்களுக்கு விசாரணை கேட்கும் உரிமையைக் கொடுத்தது. என் மருமகன் இன்று ஏறக்கூடிய படி அந்த வழக்கால் வந்தது.

ஆனால் 1988இல் ஈகன் வழக்கில் அதே நீதிமன்றம், பாதுகாப்பு அனுமதி எவருக்கும் உரிமையாக உரியதல்ல, அதைக் கொடுப்பதும் மறுப்பதும் நிர்வாகத்தின் தீர்மானம் என்று சொன்னது. இதனால் வந்த விளைவை நமது சமூகத்தார் ஒருவரின் வழக்கில் காணலாம். எகிப்தியப் பின்னணி கொண்ட ஓர் இளைஞர் புவிப் புலனாய்வு முகவரகம் ஒன்றில் பாதீட்டுப் பகுப்பாய்வாளராகச் சேர்ந்தார். விசாரணை முடிந்து வேலை தொடங்குவதற்கு இடையில் கலியாணம் செய்துகொண்டார். அதைத் தாமாகவே அறிவித்தார். மனைவி ஓர் இஸ்லாமிய நிவாரண அமைப்பில் வேலை செய்தவர். 2010இல் அனுமதி பறிக்கப்பட்டது. மனைவியின் அமைப்புத் தொடர்புகள் காரணமாகச் சொல்லப்பட்டன. மார்க்கத்தின் பேரால் பாகுபாடு காட்டியதாக அவர் வழக்குப் போட்டார். ஈகன் தீர்ப்பைக் காட்டி நீதிமன்றங்கள் உள்ளே நுழைய மறுத்தன. 2013இல் மேன்முறையீடும் தோற்றது. மறைக்காமல் சொன்ன மனிதருக்கு நேர்ந்தது இது.

பயம் பொய்யா?

இவ்வளவையும் எழுதிவிட்டு, இந்தப் பயமெல்லாம் வெறும் கற்பனை என்று முடித்தால் நான் நீதமாக எழுதியவன் ஆகமாட்டேன். உறவினரைப் பிடித்துவைத்து ஒருவரின் வாயை அடைக்கும் அரசாங்கங்கள் உண்டு. வாஷிங்டனில் இயங்கிய சுதந்திர ஆசிய வானொலியின் உய்குர் பிரிவில் பணியாற்றிய குல்செஹ்ரா ஹோஜா என்ற முஸ்லிம் பெண்மணியின் சகோதரர் 2017இல் சின்ஜியாங்கில் பிடிக்கப்பட்டார். 2018இன் தொடக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உறவினர்கள் பிடிக்கப்பட்டார்கள். அவர் செய்த குற்றம் உய்குர் மக்களின் செய்தியைச் சொன்னது. ஆகவே, உறவின் வழியாக நெருக்குதல் வரலாம் என்று ஓர் அரசாங்கம் யோசிப்பதில் தவறில்லை.

நமது சொந்த வரலாற்றிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்காவை நோக்கிப் படை நடத்த நபி (ஸல்) அவர்கள் இரகசியமாக ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள. அந்த இரகசியத்தை மக்காவுக்கு அறிவிக்கும் கடிதம் ஒன்றை ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (றழி) அவர்கள் ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார்கள். அலீ (றழி), சுபைர் (றழி), மிக்தாத் (றழி) ஆகியோர் அனுப்பப்பட்டு, ரவ்ழா காக் என்ற இடத்தில் அப்பெண்ணிடமிருந்து கடிதம் கைப்பற்றப்பட்டது. ஹாதிப் (றழி) அவர்கள் குறைஷிக் குலத்தவர் அல்லர். அவர்களோடு ஒப்பந்த உறவில் இருந்தவர். மற்ற முஹாஜிர்களின் குடும்பங்களைக் காப்பாற்ற மக்காவில் இரத்த உறவினர் இருந்தனர். ஹாதிபின் குடும்பத்துக்கு அப்படி யாருமில்லை. ஓர் உபகாரம் செய்தால் தன் குடும்பத்தைத் தொடமாட்டார்கள் என்று எண்ணினார்.

வழிகாட்டு நெறி அஞ்சும் காரியம் இதுதான். எதிரியின் ஊரில் குடும்பம், குடும்பத்துக்குப் பயம், அந்தப் பயத்தால் இரகசியம் வெளியேறுவது. ஆனால் அது விசாரிக்கப்பட்ட முறையைக் கவனிக்க வேண்டும். நபியவர்கள் நேரில் அழைத்து, இது என்ன என்று கேட்டார்கள். அவசரப்பட வேண்டாம் என்று அவர் வேண்டியதைக் கேட்டுக் காரணத்தைச் செவிமடுத்தார்கள். உண்மையைச் சொல்லிவிட்டார் என்று ஏற்றார்கள். உமர் (றழி) அவர்கள் தண்டிக்க அனுமதி கேட்டபோது, இவர் பத்றில் பங்குபற்றியவர் என்று நினைவுபடுத்தினார்கள். அவர் செய்தது சரியென்று சொல்லப்படவில்லை. ஸூறா அல்-மும்தஹினாவின் தொடக்கம் அதைக் கண்டித்தே இறங்கியது. அதே ஸூறாவிலேயே, உங்களோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்ற வசனமும் இருக்கிறது. முஷ்ரிக்கான தாய் தன்னைப் பார்க்க வந்தபோது அவரைச் சேர்த்து நடக்கலாமா என்று அஸ்மா பின்த் அபீபக்ர் (றழி) கேட்டதற்கு, ஆம் என்றே பதில் கிடைத்தது.

அமெரிக்க நெறிகளிலும் 'முழு மனிதனையும் பார்' என்ற கோட்பாடு எழுதப்பட்டிருக்கிறது. ஒரு செயலை மட்டும் பாராமல் ஒருவரின் மொத்த வாழ்க்கையையும் எடைபோடு என்பதே அதன் கருத்து. கோட்பாடு நல்லது. முன்னால் அழைத்து, காரணத்தைச் சொல்லி, பதிலைக் கேட்கும் இடத்தில் அது உயிரோடு இருக்கிறது. மூடிய உறையைத் திறந்து காட்டாத இடத்தில் அது காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

உறவை விலக்கியதன் நட்டம்

உறவுள்ளவர்களைத் தூரத்தில் வைத்ததனால் அமெரிக்காவும் நட்டப்பட்டது. செப்டெம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கைப்படி, 2002இல் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் அரபு மொழியில் வழங்கப்பட்ட இளமானிப் பட்டங்கள் ஆறுதான். பயங்கரவாத விசாரணைகளுக்காகப் பதிவுசெய்த ஒலிப்பதிவுகளில் 120,000 மணித்தியாலங்களுக்கு மேல் கேட்கப்படாமலே கிடந்ததை 2004இல் நீதித் திணைக்களத்தின் கணக்காய்வு கண்டுபிடித்தது. அரபும் உருதும் பஷ்தூவும் வீட்டு மொழியாகப் பேசிய பிரஜைகள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு அந்த மொழியைக் கொடுத்த உம்மாவும் மூத்தம்மாவும் வெளிநாட்டில் இருந்தார்கள். மிக இரகசியமான தகவல்களைக் கையாள்வோரின் நெருங்கிய குடும்பத்தார் அமெரிக்கப் பிரஜைகளாக இருக்க வேண்டும் என்ற பழைய பொது விதி 2008இல்தான் கைவிடப்பட்டது.

பிறகு 2015இல் நடந்தது இன்னொரு பாடம். அரசாங்க ஆளணி அலுவலகத்தின் கணினிகளில் ஊடுருவி 2 கோடி 15 இலட்சம் பேரின் விபரங்கள் களவாடப்பட்டன. பெரும்பாலானவை இந்த எஸ்.எப். 86 வகைப் படிவங்களோடு சம்பந்தப்பட்டவை. சீனாவின் வேலை என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். எதிரி கையில் சிக்கக்கூடாது என்று பயந்து எழுதி வாங்கிய உறவினர் பட்டியல்கள் மொத்தமாக எதிரியின் கைக்கே போயின. ராத்தா கேட்ட கேள்வி அவ்வளவு பாமரத்தனமானதல்ல என்று இதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது.

நமது நாட்டில்

இதை அமெரிக்காவின் குறையாக மட்டும் சொல்லி நாம் கைகழுவ முடியாது. இலங்கையும் ஒரு காலத்தில் 'உன் மனைவி மக்கள் எங்கே இருக்கிறார்கள்?' என்று கேட்டு மனிதர்களை அளந்தது. அங்கே அளக்கப்பட்டது பிரஜாவுரிமை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி, விண்ணப்பிக்கும் குடும்பஸ்தர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் ஏழு வருடங்கள் தொடர்ச்சியாக இங்கே வசித்திருக்க வேண்டும்; தனியாள் என்றால் பத்து வருடங்கள். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே நின்றால் தொடர்ச்சி முறிந்துவிடும். அத்தோடு மனைவியும் வயது வராத பிள்ளைகளும் இங்கேயே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

மலையகத் தோட்டத் தொழிலாளர்களை இச்சட்டம் வதைத்த கதை நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சம்மாங்காரர் என்று நாம் அழைத்த கரையோரச் சோனகரை அது தொட்ட விதம் குறைவாகவே பேசப்படுகிறது. 1911 குடிசன மதிப்பீடு அவர்களை இலங்கைச் சோனகரிலிருந்து பிரித்து எண்ணியபோது சுமார் 33,000 பேர் இருந்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களில் குடும்பம் இருக்க, புறக்கோட்டையிலும் மலைநாட்டுப் பட்டினங்களிலும் ஆண்கள் கடை நடத்தியது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அவர்கள் கட்டிய பள்ளிவாசல்களில் நாம் இன்றும் தொழுகிறோம். ஆனால் 'மனைவி மக்கள் எங்கே?' என்ற ஒரு கேள்வியில், ஆயுளின் பெரும்பகுதியை இங்கே கழித்த வியாபாரியும் வெளியாள் ஆகிவிட்டார். இச்சட்டத்தின் கீழ் சுமார் 824,000 பேருக்காக 237,000 விண்ணப்பங்கள் வந்தன. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. விண்ணப்பத் தாளில் குடும்பம் எங்கே இருக்கிறது என்பது எழுதப்பட்டது. இந்த மண்ணில் அவர் போட்ட உழைப்புக்கு அப்படியொரு பத்தி இருக்கவில்லை.

கடைசியாக

மருமகனுக்கு என்ன நடந்தது என்று வாசகர்கள் கேட்பார்கள். விசாரணை அதிகாரி அவனை நேரில் கண்டு பேசினார். உம்மாவோடு எவ்வளவு காலத்துக்கு ஒருதரம் பேசுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். முன்பு கிழமைக்கு ஒருதரம் பேசினேன், இந்த அனுமதிக்காகக் குறைத்தேன், இனிமேல் பழையபடி பேசப்போகிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறான். உம்மாவுக்கு அனுப்பும் காசு, ஊரில் அவன் பேருக்கு எழுதிய வளவு, மாமாவாகிய நான் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான். பதினான்கு மாதங்கள் கழித்து அனுமதி வந்தது. எல்லாருக்கும் அப்படி வரும் என்று நான் சொல்லமாட்டேன். மேலே சொன்ன வழக்குகளே அதற்குச் சாட்சி. ஆனால் மறைத்த உறவு பிறகு வெளிப்பட்டால், அந்த உறவைவிட மறைத்ததே பெரிய காரணமாகிவிடும் என்பது அந்தத் தீர்ப்புகளை வாசித்தால் விளங்கும்.

நம்மில் பல குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் நிரப்பும் படிவங்களில் எழுதப்படும் ஆட்கள் நாம்தான். விபரம் கேட்டால் முகம் சுளிக்காமல் சரியாகக் கொடுப்போம். என் பேரைப் போடாதே என்று சொல்லாதிருப்போம். பிள்ளையின் அழைப்பு திடீரென்று குறைந்தால், மாறிவிட்டான் என்று தீர்ப்புச் சொல்லுமுன் காரணத்தைக் கேட்போம். அதைக் கேட்காமல் பேசியவன் என்ற வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ராத்தாவின் பிறந்த திகதி விஷயத்தில் அவன் இரண்டையும் எழுதி, ஏன் இரண்டு என்று கீழே ஒரு விளக்கமும் போட்டானாம். அந்த அதிகாரி அதை வாசித்துச் சிரித்துவிட்டு, என் பாட்டிக்கும் இதே கதைதான் என்று சொன்னாராம். இப்போது கிழமைக்கு ஒருதரம், இஷாவுக்குப் பிறகு, ராத்தாவின் வீட்டுத் தொலைபேசி அடிக்கிறது.